நாற்பத்தேழு சுற்று

நூற்றுத் தொண்ணூறு கிலோ.
மூலைக்கு ஓர் ஆள் பிடித்தாலும்
ஐந்தாவதாய் ஒருவன்
படி, படி, சுவர் என்று
கத்திக்கொண்டே பின்னால் நடக்க வேண்டும்.
அந்த வேலை எனக்கு.
பேஸ் கிட்டார்காரனுக்கு
எந்தக் குழுவிலும் அதுதான் விதி.

மியர்பேங்கில் மூடப்பட்ட தேவாலயத்திலிருந்து
ஏலத்துக்கு முந்தின நாள்
தேவராணி பேசி முடித்த ஆர்கன்.
டர்பன் துறைமுகத்தில் பாரந்தூக்கி ஓட்டுகிறவள்,
அவளிடம் போய் எடையைப் பற்றி
யார் முனகுவது.

பின்பலகையைக் கழற்றினோம்.
பல் உதிர்ந்த ஒரு சீப்பு,
மெழுகுவத்தித் துண்டுகள்,
ஞாயிறு: 214, 87, 301 என்று
பென்சிலில் எழுதிய சீட்டு.
சீட்டைத் தொடாதே என்றாள்.
தொடவில்லை.
பிசாசுகளைப் பற்றிய எங்கள் பாட்டெல்லாம்
அந்தச் சீட்டின் தலைக்குமேல்தான்
இத்தனை வருஷமும் உறுமுகின்றன.

உள்ளே தொண்ணூற்றொரு இரும்புச் சக்கரங்கள்
ஒரே மோட்டாரின் பேச்சைக் கேட்டுச் சுழலும்.
ஹெவி மெட்டல் என்றால் இதுதான்டா
என்பான் பூவேந்திரன், தூக்கும்போதெல்லாம்.
தூக்கும்போது யாருக்குச் சிரிப்பு வரும்?

அன்று சாட்ஸ்வொர்த், யூனிட் ஐந்து மண்டபம்.
பாதி எங்களுக்கு,
மடிப்புத் தட்டிக்கு அந்தப் பக்கம்
யாருக்கோ நிச்சயதார்த்தம்.
கறுப்புச் சட்டை அறுபது பேர்,
பட்டுப்புடவை இருநூறு.
எட்டு மணிக்கு மேல்தான் என்ற மின்வெட்டு
மூன்றாம் பாட்டின் நடுவில் வந்தது.

கிட்டார் சட்டென்று செத்தது.
ஆர்கன் அப்படிச் சாகாது.
வால்வுகளில் மிஞ்சிய சூட்டில்
பிடித்த சுரம் பிடித்தபடி
கீழே,
இன்னும் கீழே,
கப்பல் ஒன்று பின்பக்கமாய் அமிழ்வதுபோல்.
இருட்டில் ம்தோகோசிசி மட்டும்
நிறுத்தாமல் அடித்துக்கொண்டிருந்தான்,
ட்ரம்ஸுக்கு எதற்குக் கரண்ட் என்கிற மாதிரி.

ரொட்டியைக் குடைந்து ஆட்டுக்கறி ஊற்றி விற்கும்
மொகம்பரி அண்ணன்
கடை ஃப்ரிட்ஜை அம்போவென்று விட்டுவிட்டு
ஜெனரேட்டரைத் தள்ளிக்கொண்டு வந்தார்.
இரண்டு பக்கத்துக்கும் ஒயர் இழுத்தார்.

தேவராணி முதல் சுவிட்சை அழுத்தி
எட்டு எண்ணினாள்.
அடுத்ததைப் போட்டாள்.
கை வைத்தாள்.
அரைச் சுரம் தாழ்ந்து வந்தது.
கூட்டத்தில் எவனோ ஊளையிட்டான்.

கையில் பிழையில்லை.
வினாடிக்கு ஐம்பது சுற்று கேட்கும் மோட்டாருக்கு
நாற்பத்தேழுதான் கொடுக்கிறது
கம்பியால் கட்டிய அந்தப் பழைய எஞ்சின்.
முடுக்கினால் நின்றுவிடும்மா என்றார் அண்ணன்.
ஆர்கனுக்கு முறுக்காணி கிடையாது.
யார் இறங்குவது?

நாங்கள்தான்.
பூவேந்திரன் ஆறு தந்தியையும் தளர்த்தினான்.
நான் நாலை.
என் தடித்த தந்தி துணிக்கொடிபோல் தொய்ந்து
ஃப்ரெட்டில் இடித்துக் கரகரத்தது.
யானை படுத்தாலும் குதிரை மட்டம் என்பார்கள்.
இந்த யானை படுத்ததும்தான்
அதன் உயரமே தெரிந்தது.
மரப்பெட்டிக்குள் சுழலும் கொம்பு
மந்தமாய்ச் சுழன்று
ஒவ்வொரு விலா எலும்பாய் எண்ணிப் பார்த்தது.
எட்டு மாதமாய் எட்டாத உச்சியை
கெல்வின் எட்டிவிட்டு
தன் தொண்டையைத் தானே தடவிக்கொண்டான்.

தட்டிக்கு அப்பால் தேநீர்க் கொதிகலனைப் போட்டார்கள்.
எஞ்சின் மூச்சு வாங்க
பாட்டு மேலும் சரிந்தது.
முறுக்க நேரமில்லை.
தந்தியை விரலால் பக்கவாட்டில் இழுத்தும் விட்டும்
துரத்தினோம்.
தண்ணீர் கொதித்து முடிந்ததும்
தானாய் ஏறி வந்தது.
அந்த ஏற்றத்தை ஒத்திகையில் இன்றுவரை
எங்களால் பிடிக்க முடியவில்லை.

பட்டுப்புடவைகள் சில தட்டியைத் தள்ளி
எட்டிப் பார்த்தன.
மாப்பிள்ளை உள்ளேயே வந்துவிட்டான்.

கரண்ட் வந்தாச்சு, மாற்றட்டுமா என்றார் அண்ணன்.
தேவராணி தலைநிமிராமல்
வேண்டாம் என்று கால் பெருவிரலால்
அடிக்கட்டையை மிதித்தாள்.
மேசையில் தண்ணீர் டம்ளர் நடந்துபோய் விழுந்தது.

அதற்குப் பிறகு தந்தியை ஏற்றவேயில்லை.
கரண்ட் இருக்கிற நாளிலும்
மொகம்பரி அண்ணனுக்கு ஆளுக்கு இருபது ராண்ட்,
பெட்ரோல் என்று எழுதி.

கணக்கு நோட்டும் என்னிடம்தான்.